மிஸ் உட்காரச் சொல்லவில்லை

ரயில் பங்காரப்பேட்டையில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற நாங்கள், பாதிப் பேர் தூங்கிக்கொண்டும் மீதிப் பேர் போனை நோண்டிக்கொண்டும் போகிற காலை வண்டி. பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அற்புதராஜ் போட்டிருந்தான்: "நம் அன்பு ஆங்கில ஆசிரியை ஃப்ளோரா மிஸ் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதன் கீழே வரிசையாக வர ஆரம்பித்தன. ஒருவன் "இறைவனடி சேர்ந்தார்" என்றான். எங்கள் வீட்டைப் போலப் புத்தர் படம் மாட்டிய வீட்டுக்காரன் ஒருவன் "பரிநிர்வாணம் எய்தினார்" என்றான். இன்னொருத்தி "நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று எழுதி, கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். வண்டி பங்காரப்பேட்டையை விட்டுக் கிளம்புவதற்குள் மிஸ்ஸை எல்லா மதத்துக்கும் மாற்றிவிட்டார்கள்.

மிஸ்ஸுக்கு இதில் ஒன்றுகூடப் பிடித்திருக்காது. சாவைச் சாவென்று சொல்லாத ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தியிருப்பார். அவரிடம் படித்தவள் என்ற முறையில் முதலில் இதை எழுதிவிடுகிறேன். ஃப்ளோரா மிஸ் செத்துவிட்டார்.

நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னதும் அற்புதராஜ்தான். "நல்லதா நாலு வார்த்த எழுது கௌதமி. நம்ம செட்டுல இங்கிலீஷ வெச்சி பொழைக்கறவ நீதான்" என்று அனுப்பியிருந்தான். பொய்யில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மறுப்புக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. பணம் தரமாட்டோம் என்பதை, படிப்பவர் கடைசி வரிக்கு வரும்வரை கண்டுபிடிக்காதபடி எழுத வேண்டும். அந்த வித்தைக்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மிஸ். அதை அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் படிக்காதவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். மிஸ்ஸின் வகுப்பில் 'குட்' கிடையாது, கைதட்டல் கிடையாது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். பதில் சரியென்றால் "சிட் டவுன்" என்பார். அதுதான் பாராட்டு, அதற்கு மேல் ஒன்றும் வராது. தவறென்றால் வாயே திறக்கமாட்டார். அடுத்த ஆளிடம் போய்விடுவார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். சில நாட்களில் மணி அடிக்கும்போது முக்கால்வாசி வகுப்பு நின்றுகொண்டிருக்கும். ஒருமுறை அந்தப் பக்கம் போன ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், பிரேயரா?" என்று கேட்டார். "இல்ல சார், பொயட்ரி" என்றார் மிஸ்.

பாடப் புத்தகத்தில் இருந்த உதாரணங்களை அவர் தொடமாட்டார். உவமை நடத்திய அன்று யாரோ 'பனியைப் போல வெண்மை' என்ற ஆங்கில வரியைப் படிக்க, புத்தகத்தைப் பிடுங்கி மூடினார். "பனிய நீ பாத்திருக்கியா? உங்கப்பன் பாத்திருக்கானா? பாக்காதத வெச்சி சிமிலி சொன்னா அது பொய். ஜன்னலுக்கு வெளிய பாத்து சொல்லு." ஜன்னலுக்கு வெளியே சயனைடு மேடு. தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மண், மத்தியான வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அற்புதராஜ் எழுந்து, மத்தியான மேட்டைப் போல வெண்மை என்று ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். "சிட் டவுன்" என்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் உவமை என்றால் எனக்கு அந்த மேடுதான் ஞாபகம் வருகிறது. அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. அந்த அளவில் அவர் நிறுத்தியிருந்தால் இந்த மலரில் நானும் கும்பிடும் கைகள் போட்டிருப்பேன்.

அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. அற்புதராஜ் திக்கியது ஆங்கிலம் தெரியாமல் அல்ல, அவனுக்கு எந்தச் சொல்லிலும் முதல் எழுத்து வாயைவிட்டு லேசில் வராது. சில நாள் கழித்து, ஒரே ஓசை அடுத்தடுத்து வரும் அணியை நடத்தினார். "அற்புதராஜ், ஸ்டாண்ட் அப். உன் கையில இருக்கறது இன்னா?" அவன் கையில் பென்சில். "ப்... ப்... ப்..." என்று அவன் முட்டிக்கொண்டிருந்தபோது வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? இதான் அலிட்டரேஷன். இனிமே பரீட்சையில மறக்கவே மாட்டீங்க." நாங்கள் சிரித்தோம். மறக்கவும் இல்லை. அவன் பெயர் அலிட்டரேஷன் ஆகி, ஒரே மாதத்தில் அல்லி ஆகிவிட்டது. இன்று ராபர்ட்சன்பேட்டையில் அவன் ஓட்டும் ஆட்டோவின் பின்னால் 'அல்லி' என்று அவனே பூப்போட்டு எழுதிவைத்திருக்கிறான். "பொண்டாட்டி பேரான்னு கேக்கறாங்க. ஆமான்னுட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னான்.

மேகலாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முரண் அணி நடந்த அன்று மிஸ் நேராக அவள் பெஞ்சுக்குப் போய், தாடையைப் பிடித்து முகத்தை வகுப்பின் பக்கம் திருப்பினார். "இவ காத பாருங்க. கோல்டு ஃபீல்ட்ஸ்ல பொறந்துட்டு காதுல வேப்பங்குச்சி. இதான் ஐரனி." உதாரணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேகலா அன்று முதல் தலைமுடியைக் காதுமேல் இழுத்துவிட்டு வந்தாள். போன வாரம் மிஸ்ஸின் சாவுச் செய்தி வந்ததும் எல்லோரும் ஏதேதோ எழுதிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு வரி வந்தது: மேகலா குழுவை விட்டு வெளியேறினார். வந்த அஞ்சலிகளிலேயே எனக்கு மதிப்பாகப் பட்டது அது ஒன்றுதான்.

என் கதைக்கு வருகிறேன். என் அப்பா சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷின் பிடித்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி அடிமட்ட லெவல்களில் ஷிப்ட் பார்த்தவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம் அவருக்கு இருமல் வந்தது. பாறைத்தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகிற நோய். சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் இருந்த லைன் வீடுகளில் அதற்குச் சளி என்று பெயர். "இன்னாபா, ஒடம்பு எப்டி கீது?" என்றால், "சளிதான், வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். சளி என்றவர்கள் ஒவ்வொருவராகப் பாடையில் போன பிறகும் எங்கள் வீட்டில் அது சளியாகவே இருந்தது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று அம்மா நினைத்தாள். அம்மாவுக்கும் எனக்கும் தெரியாது என்று அப்பா நினைத்தார். நான் எதையும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட அப்பா பள்ளிக்கு வந்தார். படியேறும்போது பாதியில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. மூச்சு வாங்குவதை மறைக்க அவர் செய்கிற வேலை அது. மேலே வராந்தாவில் நின்று மிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போர்டில் 'யூஃபமிசம்' என்று எழுதினார். "கொடூரமான விஷயத்துக்கு மெத்துனு ஒரு வார்த்த. கௌதமி, ஸ்டாண்ட் அப். உங்கப்பாவுக்கு ஒடம்புக்கு இன்னா?"

"கொஞ்சம் சளி மிஸ்."

"இங்கிலீஷ்ல."

"மை ஃபாதர் ஹாஸ் எ லிட்டில் கோல்ட், மிஸ்."

"எல்லாரும் எழுதிக்குங்க. இதான் யூஃபமிசம்." எல்லோரும் எழுதினார்கள். பிறகு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். "இப்ப அதையே நேரா எழுது."

தெரியாது என்றேன். "தெரியும்" என்றார். 'மை ஃபாதர் இஸ்' என்பது வரை எழுதிவிட்டு நின்றேன். கடைசிச் சொல்லை அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். டையிங். என் கையெழுத்திலேயே அது போர்டில் இருந்தது.

"இல்லன்னு சொல்லுங்க மிஸ்" என்றேன்.

"சொன்னா சரியாப்பூடுமா?" என்றார். டஸ்டரைக் காட்டி, "வேணும்னா அழி" என்றார். அழித்தேன். "அழிஞ்சிச்சா?" என்று கேட்டார். அவர் அடுத்த அணிக்குப் போய்விட்டார். மணி அடிக்கும்வரை என் இடத்தில் நின்றேன். சிட் டவுன் வரவில்லை. நான் எழுதியது சரி என்றாவது தவறு என்றாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குப் போனதும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டேன். "அப்பா, நீ சாவப்போறியா?" அம்மா கையில் இருந்த கரண்டியால் என் தோளில் ஒன்று போட்டாள். அப்பா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்த காலம் அது. "அவள அடிக்காத. யாருமா சொன்னது?"

"எங்க இங்கிலீஷ் மிஸ்."

"தமிழ்ல சொன்னாங்களா, இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்ல."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. தங்கவயல்காரர்களுக்கு இது புரியும். நம் ஊரில் டாக்டர், துரை, கோர்ட் எல்லாமே இங்கிலீஷில் சொன்னால்தான் தீர்ப்பு.

மறுநாள் காலை அம்மா பள்ளி கேட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். "ஒரு கொழந்தகிட்ட சொல்ற வார்த்தையாடி அது? உன் நாக்கு அழுவிப் போவ! உன் வாயில புழு வைக்க!" மிஸ் கேட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். அம்மாவுக்கு மூச்சு முட்டியதும், "முடிஞ்சிச்சா?" என்றார். "ராத்திரில அவர படுக்க வைக்காதீங்க. மடியில தலகாணி வெச்சி, அது மேல குனிஞ்சாப்ல உக்கார வைங்க. மூச்சு கொஞ்சம் ஈசியா வரும்." சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அம்மா அன்றிரவே தலையணையை அப்பாவின் மடியில் வைத்தாள். மூச்சு ஈசியாகத்தான் வந்தது. அதற்காகவும் சேர்த்து அம்மா மிஸ்ஸை வெறுத்தாள்.

சளி என்ற சொல் வீட்டைவிட்டுப் போனதும் அப்பா பேச ஆரம்பித்தார். அதுவரை என்னிடம் படிச்சியா, சாப்ட்டியா என்பதைத் தாண்டி அவர் பேசியதில்லை. தன்னை எங்கே புதைக்க வேண்டும் என்று சொன்னார். தான் போன பிறகு வேலூர்ப் பக்கம் இருக்கும் சித்தப்பாக்கள் வந்து அம்மாவைக் கூப்பிட்டால் அனுப்பாதே என்றார். "உனக்கு அவசரப்பட்டு கல்யாணம் பண்ணிடுவாங்க. அழுது நிறுத்து. அப்பா சொல்லிட்டு செத்தாருன்னு சொல்லு" என்றார். அப்படியே அழுது நிறுத்தினேன். முதல் முறையாக கேஜில் இறங்கியபோது பயத்தில் மூத்திரம் போனதைக்கூடச் சொன்னார். சளியில் செத்திருந்தால் இது எதுவும் எனக்குக் கிடைத்திருக்காது.

இதைக் கேட்டால், "பாத்தியா, மிஸ்ஸால நல்லதுதான் நடந்திச்சி" என்பீர்கள். குழுவில் ஒருவன் இன்னும் ஒருபடி மேலே போய், மிஸ்ஸின் கணவரும் அதே நோயில் போனவர்தான், கடைசிவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அந்த வேதனையில்தான் மிஸ் அப்படி நடந்துகொண்டார் என்று எழுதியிருந்தான். இருக்கலாம். மிஸ் வாயிலிருந்து அப்படி ஒரு சமாதானம் வந்ததில்லை. அவர் சொல்லாததை நான் ஏன் அவர் சார்பில் சொல்ல வேண்டும்? அப்பா என்னோடு பேசியது அப்பாவின் நல்ல குணம். என் கையாலேயே போர்டில் எழுதவைத்தது மிஸ்ஸின் கெட்ட குணம். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுத் தராதீர்கள்.

போன மாதம் மிஸ்ஸின் மகன் போன் செய்தான். கோலாரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். போனேன். வார்டு வாசலிலேயே என்னை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "வயித்துல கேன்சர்கா. ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அம்மாவுக்குத் தெரியாது. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். தயவுசெஞ்சி நீங்களும் அப்டியே சொல்லுங்க." தலையாட்டினேன். அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மிஸ் பாதியாகிவிட்டிருந்தார். கண் மட்டும் அப்படியே இருந்தது. "வா, யூஃபமிசம்" என்றார். பள்ளியை விட்ட பிறகும் எங்கே பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மகனைக் காபி வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். அவன் போனதும், "ஸ்டாண்ட் அப்" என்றார்.

எழுந்தேன். நாற்பதைத் தாண்டிய பொம்பளை, கைப்பையைத் தோளில் மாட்டியபடி எழுந்து நின்றேன்.

"யூஃபமிசம். கிவ் மீ அன் எக்ஸாம்பிள்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தினமும் ஐம்பது எழுதுகிறேன். "யூ ஹாவ் அன் அல்சர், மிஸ்" என்றேன்.

அவர் கண் அசையவில்லை. "இப்ப அதையே நேரா சொல்லு" என்றார். உதடு மட்டும் உலர்ந்திருந்தது. சொன்னேன். போர்டில் எழுதிய அதே வாக்கியம்தான். அப்பாவை எடுத்துவிட்டு அவரைப் போட்டேன்.

எதிர்பார்த்தது என்னவென்று கேட்டால், நேராகப் பேசச் சொல்லிக்கொடுத்தவர் நேராக வாங்கிக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். மிஸ்ஸின் முகம் கலைந்தது. கையை நீட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். "இல்லன்னு சொல்லுடி" என்றார். சின்னக் குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். போர்டுக்குப் பக்கத்தில் நின்ற என்னுடையது.

என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. அவர் கொடுத்த பதில்தான். "சொன்னா சரியாப்பூடுமா மிஸ்?" என்றேன்.

தலைப்பை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் நின்றேன். ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். மகன் காபியோடு வந்து, அம்மாவின் தோள் குலுங்குவதைப் பார்த்து, என்னைப் பார்த்தான். "சொல்லிட்டீங்களா?" என்றான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து வெளியே அனுப்பும்வரை அங்கேயே நின்றேன். மிஸ் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மிஸ்ஸின் நாக்கு அழுக வேண்டும் என்று சபித்தவள் ஆயிற்றே. அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "பாவி, ஏண்டி சொன்ன?" என்றாள். "அவ பெத்த புள்ளயே சொல்லாததை நீ இன்னாத்துக்குச் சொன்ன? அவளுக்கு இருக்கறதே நாலு நாளு. அதுல அல்சரோட இருந்துட்டுப் போயிருப்பாளே." அன்று இரவு என்னோடு சாப்பிடவில்லை.

உண்மையைக் கேட்டபின் அப்பா பேசினார். மிஸ் பேச்சை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு மகனோடுகூட அதிகம் பேசவில்லையாம், சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாராம். ஒரே வாக்கியம்தான், இரண்டு பேருக்கும். நான் செய்தது தப்பா சரியா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கேட்டதற்குத்தானே சொன்னேன் என்று காலையில் தோன்றும். சொன்னா சரியாப்பூடுமா என்ற அந்த இரண்டாவது பதிலை அவர் கேட்கவில்லையே என்று ரயிலில் திரும்பி வரும்போது தோன்றும். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

அடக்கத்துக்குப் போனேன். சாம்பியன் ரீப்ஸில் அவர் வீட்டு வாசலில் பந்தல், வாடகை நாற்காலிகள். பேனரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் இருந்தது. திருத்தச் சொல்லி நான் அற்புதராஜிடம் சொல்லவில்லை. மகன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து ஆட்டோவில் ஐஸும் பூவும் நாற்காலியும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அற்புதராஜ், பெட்டியின் தலைமாட்டில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். அவனுக்கு அழ என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு நான் ஓரமாக நிற்பதைப் பார்த்து, ஒரு நாற்காலியைத் துடைத்து எடுத்துவந்தான். "உ... உ... உக்காரு கௌதமி" என்றான்.

"பரவால்ல அல்லி" என்றேன்.

மிஸ்ஸிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று இந்த மலரில் எல்லோரும் கடைசியில் எழுதியிருப்பீர்கள். தன்னம்பிக்கை, ஒழுக்கம், ஆங்கிலம் என்று. எனக்குக் கிடைத்தது இரண்டு கேள்விகள், வகுப்பில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. இரண்டுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னேன். சரியா என்று இன்னும் தெரியவில்லை. அற்புதராஜ் நாற்காலியை என் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனான். பாதிரியார் ஜெபம் முடித்து, ஆணி அடிக்கும்வரை அது காலியாகவே இருந்தது. உட்காரச் சொல்ல வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.